ஒழுகுகிற பை வேண்டும்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் அன்று காலை ஒருவரும் மீன் விலை பேசவில்லை. எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஸில்மியாவும் நின்றாள். அவளுடைய வாப்பா ஷரிபுதீனின் வலை இரண்டு நாட்களாகக் கடலுக்கடியில் ஒரு பாறையில் சிக்கிக் கிடந்தது. இழுத்தால் கிழிந்துவிடும். விட்டால் போய்விடும். வலை இல்லையென்றால் வாப்பாவும் அவரோடு கடலுக்குப் போகிற நான்கு பேரும் கரையில் குந்தியிருக்க வேண்டியதுதான். அதனால்தான் பொத்துவிலில் இருந்து, கடலுக்கடியில் மூழ்கி வேலை செய்கிற மிஹ்லார் என்ற சுழியோடியை வரவழைத்திருந்தார்கள்.

ஒருவழியாக வாப்பாவும் மிஹ்லாரும் போன படகு கரைக்குத் திரும்பியது. அதில் வலை மலைபோல் குவிந்து கிடந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கரையே சத்தமிட்டது.

வாப்பா படகில் இருந்து குதித்தார். பின்னாலேயே இறங்கிய மிஹ்லாரை, நீர் சொட்டச் சொட்ட நின்ற அந்த மனிதரை, அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். தன் சேட்டு நனைவதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"எவ்வளவு தரணும் தம்பி? சொல்லுங்க."

"ஒண்டும் வேணாம் காக்கா. என்ட வாப்பாவும் வலைக்காரர்தான். வலை போனா வீடு எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும்."

வாப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய நம்மட வீட்டிலதான் சாப்பாடு. மறுக்கப்படாது" என்றார்.

"சாப்பாட்டை மறுக்கிற ஆள் நானில்ல" என்று மிஹ்லார் சிரித்தார்.

அவர் தன் சாமான்களை ஒவ்வொன்றாக உரப்பை ஒன்றுக்குள் அடைக்கத் தொடங்கினார். கறுப்பு ரப்பர் உடுப்பு, முகக்கண்ணாடி, தாரா வாத்தின் கால் போல நீண்ட இரண்டு கால்துடுப்புகள், ஆளைக் கீழே அமிழ்த்துகிற ஈயக் கட்டிகள். காற்று உருளை மட்டும் தனியாகத் தோளில் ஏறியது.

உரப்பையைத் தூக்கியதுதான் தாமதம், டர்ரென்று அடி கிழிந்தது. ஈயக் கட்டிகள் மணலில் விழுந்தன. முகக்கண்ணாடி உருண்டு ஓடியது.

ஸில்மியா ஓடிப்போய் அதைப் பிடித்தாள். ஒரு கால்துடுப்பையும் தூக்கிக் கொடுத்தாள். நிமிர்த்தி வைத்தால் அது அவளுடைய இடுப்புவரை வந்தது.

"ஜஸாக்கல்லாஹ் மகள்" என்று நன்றி சொன்னார் மிஹ்லார். "மாசத்துக்கு ஒரு உரப்பை கிழியும். எனக்குப் பழகிப்போச்சு."

அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஸில்மியாவுக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "வாப்பா, அந்த மாமாவுக்கு நல்ல பேக் ஒண்டு வாங்கிக் குடுப்பமா?"

"நல்ல யோசனை!" என்றார் வாப்பா. "உம்மாவோட போய் வாங்கிட்டு வாங்க. நல்லதா எடுங்க."

மறுநாள் உம்மாவும் ஸில்மியாவும் அவள் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் றிப்தியும் கல்முனை பஸாருக்குப் போனார்கள். கச்சிமுகம்மது என்பவரின் பைக்கடையில் கூரை முட்டப் பைகள் தொங்கின.

உம்மா உள்ளே நுழைந்ததுமே ஒன்றைப் பிடித்துவிட்டார். மினுமினுக்கும் நீலப் பெட்டிப் பை. உள்ளே பூப்போட்ட துணி, வெளியே சின்னப் பூட்டு. "பாருங்க, எவ்வளவு வடிவா இரிக்கி! விருந்தாளிக்குக் குடுக்க இதுதான் சரி."

"சில்லும் இரிக்கி" என்று றிப்தி அதைக் கடைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினான். பை வழுக்கிக்கொண்டு ஓடியது.

ஸில்மியா யோசித்தாள். கடையின் தரை பளிங்கு. கடற்கரையில் மணல். சைக்கிளே புதைகிற மணலில் இந்தச் சின்னச் சில்லு எப்படி உருளும்?

இன்னொன்றும் அவளுக்குத் தோன்றியது. அவள் கடைக்காரரிடம் போனாள்.

"மாமா, இதுக்குள்ள தண்ணி ஊத்தினா வெளிய ஒழுகுமா?"

"ஒரு சொட்டு ஒழுகாது மகள்!" என்றார் கச்சிமுகம்மது பெருமையாக.

"அப்ப இது வேணாம். ஒழுகுற பேக் இரிக்கா?"

அவருடைய கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

"என்ன?"

"ஓட்டை உள்ள பேக். நிறைய ஓட்டை இரிந்தா நல்லம்."

"முப்பது வருஷமா கடை வச்சிரிக்கன்" என்றார் அவர். "ஓட்டையெண்டு திருப்பிக் கொண்டு வந்தவங்க இரிக்காங்க. ஓட்டை வேணுமெண்டு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்!"

உம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஸில்மியா! நமக்கு இவ்வளவு பெரிய உதவி செஞ்ச மனுசனுக்கு ஓட்டை பேக்கா குடுக்கிற? சனம் என்ன கதைக்கும்?"

"உம்மா, அந்த மாமா கடலால வந்த உடனே எல்லாத்தையும் ஈரத்தோடதான் அடைச்சார். தண்ணி வெளிய போக வழியில்லாட்டி என்ன நடக்கும்? காக்காட பந்து விளையாடுற பேக் ஞாபகமில்லையா?"

உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். ஞாபகம் இருந்தது. மழையில் விளையாடிவிட்டு வந்த றிப்தி, நனைந்த காலுறையையும் சப்பாத்தையும் பையில் போட்டு மூடி, நான்கு நாட்கள் மறந்துவிட்டான். அதைத் திறந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர்கூட வந்து, "எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்று கேட்டார்.

"அதை ஏன் இங்க இழுக்கிற?" என்று றிப்தி முணுமுணுத்தான். உருட்டிக்கொண்டிருந்த நீலப் பையை மெல்ல அதன் இடத்தில் வைத்தான்.

"யாருக்கு மகள் இந்த பேக்?" என்று கச்சிமுகம்மது கேட்டார்.

ஸில்மியா எல்லாவற்றையும் சொன்னாள். பாறையில் சிக்கிய வலையை, காசு வாங்காத மனிதரை, கிழிந்த உரப்பையை. அவர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு ஏணியை எடுத்துப் பரணில் ஏறினார்.

மேலே இருந்து முதலில் தூசி வந்தது. பிறகு தும்மல். அதற்குப் பிறகு ஒரு பை.

நீளமான பை. அடியும் ஓரங்களும் தடித்த கறுப்புத் துணி. மற்ற இடமெல்லாம் வலை, கையால் இழுத்தாலும் கிழியாத வலை.

"விளையாட்டுக் கழகக்காரங்களுக்கெண்டு எடுத்தது. மழை உள்ள போகுமெண்டு ஒருத்தரும் வாங்கல்ல" என்றார்.

ஸில்மியாவின் கண்கள் விரிந்தன. ஆனாலும் அவள் அவசரப்படவில்லை. முதலில் சிப்பைப் பார்த்தாள். இரும்பில்லை, பிளாஸ்டிக். உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காது. பிறகு பையைத் தரையில் விரித்து, அதற்குள் குந்திக்கொண்டு ஒரு காலை நீட்டினாள்.

"என்ன செய்றீங்க மகள்?" என்றார் உம்மா.

"கால்துடுப்பு என்ட இடுப்பு உயரம் உம்மா. காலை நீட்டக்குள்ள இடம் காணுமெண்டா அதுக்கும் காணும்." கால் தாராளமாக அடங்கியது. "காக்கா, இப்ப என்னைத் தூக்குங்க!"

"என்ன?"

"ஈயக் கட்டி பாரம். பிடி அறுகுதா எண்டு பார்க்கணும்."

றிப்தி ஒரு பிடியையும் கச்சிமுகம்மது மறு பிடியையும் பிடித்துத் தூக்கினார்கள். பிடி அறவில்லை. தையல் விடவில்லை. பஸாரில் போனவர்கள்தான் நின்றுவிட்டார்கள். பைக்குள் ஒரு பிள்ளை ஆடிக்கொண்டு, "சரி! இதுதான்!" என்று கத்துவதை அவர்கள் முன்பு பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் உம்மா தடித்த துவாயை மடித்து, முகக்கண்ணாடிக்கு ஒரு சின்ன உறை தைத்தார். ஆனாலும் தைத்துக்கொண்டே, "அந்த நீலம் நல்ல வடிவு" என்று ஒருமுறை பெருமூச்சு விட்டார்.

வெள்ளிக்கிழமை மிஹ்லார் வந்தார். காலையில் மருதமுனையில் ஒரு வேலையை முடித்துவிட்டு, புதிய உரப்பை ஒன்றோடு வந்திருந்தார். சொன்னது போலவே சாப்பாட்டை அவர் மறுக்கவில்லை. மூன்றாம் முறை சோறு போட்டபோதும் மறுக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் ஸில்மியா பொதியை நீட்டினாள். அவர் பிரித்தார். வலையில் விரல்களை விட்டுப் பார்த்தார். சிப்பை இழுத்தார். மூடினார். மறுபடியும் புரட்டிப் பார்த்தார்.

உம்மாவின் முகம் வாடியது. "சின்னப் புள்ள எடுத்தது தம்பி. விருப்பமில்லாட்டி கடையில மாத்தலாம்."

"மாத்துறதா!" மிஹ்லார் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எனக்கு எத்தனையோ பேர் பேக் தந்திரிக்காங்க ராத்தா. எல்லாம் நல்ல வடிவு. ஈரம் பட்டா பூஞ்சணம் பிடிக்கும். அதால எல்லாத்திலயும் இப்ப எங்கட உம்மா உடுப்பு வச்சிரிக்கா. நான் உரப்பையோட அலையிறன். இப்பிடி ஒண்டை யோசிச்சு எடுத்த ஆள் இந்த மகள்தான்." பிறகு அவர் சுற்றிலும் பார்த்தார். "உங்கட கிணறு எங்க?"

எல்லோரும் கிணற்றடிக்குப் போனார்கள். அவர் உரப்பையில் இருந்த எல்லாவற்றையும் புதிய பைக்குள் அடுக்கினார். முகக்கண்ணாடி மட்டும் உம்மா தைத்த உறைக்குள் போனது. சிப்பை மூடி, ஒரு வாளி தண்ணீரைப் பையின் மேலேயே ஊற்றினார். இன்னொரு வாளி. இன்னொன்று. தண்ணீர் உள்ளே போய் எல்லாவற்றையும் அலசி, நாலாபக்கமும் சலசலவென்று வெளியே ஓடியது.

"கடலால வந்தா ஒவ்வொண்டா எடுத்து நல்ல தண்ணியில கழுவணும். உப்பு நிண்டா எல்லாம் பழுது. அரை மணித்தியால வேலை" என்றார். "இப்ப பாருங்க, மூண்டு வாளியோட முடிஞ்சி!"

"இது எனக்கும் தெரியாது மாமா" என்றாள் ஸில்மியா உண்மையாக.

உம்மா ஒழுகும் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல காலம், நீலத்தை எடுக்கல்ல!"

"ஜஸாக்கல்லாஹு கைர் மகள்" என்றார் மிஹ்லார்.

"நாங்கதான் மாமா அதைச் சொல்லணும்" என்றாள் ஸில்மியா. "விடிய வாப்பா கடலுக்குப் போயிட்டு வந்தார். சூரை மீன் நிறையப் பட்டிச்சு."

"அதுதான் இப்ப நான் சாப்பிட்டதா? அப்ப கணக்கு சரி."

பொத்துவில் பஸ் வந்தது. வாப்பாவும் ஸில்மியாவும் வழியனுப்ப நின்றார்கள். மிஹ்லார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். நடத்துனர் படிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"அண்ணன், உங்கட பேக் ஒழுகுது!"

மிஹ்லார் திரும்பி ஸில்மியாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஓம் தம்பி. ஒழுகுறதாப் பார்த்துத்தான் எடுத்தது!"