மேட்டருகே நிற்கும் வண்டி

காற்றுக் குடுவையை முதுகில் மாட்டி, கவச உடையின் கழுத்துப் பூட்டை இருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, சேர்மக்கனி அன்றும் வேலைக்குக் கிளம்பினாள். தேரிநகரில் எல்லோரும் அப்படித்தான் காலையில் வாசல் தாண்டுவார்கள். செவ்வாயில் முதலில் வந்து இறங்கியவர்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணலைப் பார்த்ததும் ஊரின் தேரிக்காடு நினைவுக்கு வர, அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சுத்தம் செய்த காற்று வடிகட்டிகளைச் சுரங்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அழுக்கானவற்றை வாங்கிவருவது அவள் வேலை. நடுவில் வெறும் மணல். குடுவையிலுள்ள காற்று போய்வரப் போதும். அதற்கு மேல் கொஞ்சம்தான் மிஞ்சும்.

மூன்றாவது மேட்டருகே வண்டி நின்றது.

தினமும் நிற்கும் அதே இடம். இருமவில்லை, திணறவில்லை. சுவிட்சை அணைத்தது போல எஞ்சின் ஓய்ந்தது. அவள் உதைத்துப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல மேட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். தலைக்கவசத்துக்குள் அவளுடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கால் மணி நேரம் கழித்து உதைத்தபோது, ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஓடியது. திரும்பி வரும்போதும் அங்கேயே நின்றது. அன்று மாலை அவள் ஊர்க்கதவைத் தொட்டபோது, காற்றுமானியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அண்ணாச்சி, இந்த வண்டி என்னைய ஒரு நா கொல்லாம விடாது,” என்றாள் ஞானமுத்துவின் பட்டறையில்.

“ஏலத்துல வாங்குன வண்டிக்குப் பவுசு பாரு. எறங்கு, பாப்போம்,” என்றார் அவர்.

எஞ்சின் எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், ஆக்சிஜன், தீப்பொறி. பூமியில் வண்டி காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். செவ்வாயின் காற்றில் அது இல்லாததால், இங்குள்ள வண்டிகளுக்கு இரண்டு டேங்க். ஒன்றில் மீத்தேன், மற்றதில் ஆக்சிஜன். ஞானமுத்து முதலில் இரண்டு குழாய்களையும் கழற்றி ஊதினார். குளிரில் உறைந்து அடைத்திருக்கலாம் என்று நினைத்தார். அடைப்பு இல்லை. ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து மாட்டினார். ஸ்டாண்டில் நிறுத்தி நெடுநேரம் ஓடவிட்டார். தையல் மெஷின் மாதிரி ஓடியது.

“நிக்கும்போது பிளக்கைக் கழத்திப் பாத்தியா?”

“பாத்தேன். பொறி வரல.”

“அப்பம் கரண்டுக் கோளாறு. சுருள் சூடாகி நிக்குது,” என்று தீப்பொறிச் சுருளை மாற்றிக் கொடுத்தார். மறுநாளும் வண்டி அதே மேட்டருகே நின்றது.

அப்போதுதான் ஞானமுத்து ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். சூட்டினால் நிற்கிற வண்டி, குறிப்பிட்ட நேரம் ஓடினால் நிற்கும். மெதுவாகப் போனால் முன்னாடியே நிற்க வேண்டும். வேகமாகப் போனால் தாண்டிப்போய் நிற்க வேண்டும். சுரங்கத்திலிருந்து திரும்பும்போது வேறு எங்காவது நிற்க வேண்டும். இது எப்படிப் போனாலும், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஓரிடத்தில்தான் நிற்கிறது. அப்படியானால் கோளாறு வண்டியில் இல்லை. அந்த இடத்தில் இருக்கிறது. அதை அவளிடமும் சொன்னார்.

“என்ன அண்ணாச்சி, பேய்க் கதை சொல்லுதிய?”

“பேயா இருந்தா பூசாரிட்ட அனுப்பிருவேன். நாளைக்கு நானும் வாரேன்.”

மறுநாள் இருவரும் ஆளுக்கொரு வண்டியில் போனார்கள். மூன்றாவது மேடு வந்தது. ஞானமுத்துவின் வண்டி சீராக ஓடித் தாண்டிப் போயிற்று. அவள் வண்டி நின்றது. அவர் வட்டமடித்துத் திரும்பி வந்து இறங்கினார். கைப்பிடிகளுக்கு நடுவே, வேகமானிக்குக் கீழே ‘சுடலை துணை’ என்று ஒரு ஸ்டிக்கர். வண்டி வாங்கிய அன்றே எலுமிச்சம்பழம் நசுக்கி அவள் ஒட்டியது.

“இதுக்கடியில என்ன இருந்துச்சு?”

“ஏதோ சின்ன கண்ணாடி. எரியாத லைட்டு.”

அவர் கையுறை விரலால் ஸ்டிக்கரின் ஓரத்தை நெம்பி உரித்தார். அடியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது, நாடித்துடிப்பு போல.

ஞானமுத்து இருக்கையைத் தூக்கி, தூசி அப்பிக்கிடந்த ஒரு டப்பாவைத் துடைத்தார். “இதையா நான் பாக்காம விட்டேன்,” என்றார். “இது இருக்கிற வண்டிய நான் பாத்தே வருசமாச்சு தங்கச்சி. இதுக்குப் பேரு இரங்கி.”

ஒவ்வொரு கவச உடையின் நெஞ்சிலும் கூவி என்று ஒரு கருவி உண்டு. உடைக்காரர் விழுந்து நாடி தளர்ந்தால், அது ரேடியோவில் கூவத் தொடங்கும். அணுத்துணுக்கு பேட்டரி; ஆள் போனாலும் கூவல் நிற்காது. அந்த அலைவரிசை தலைக்கவசத்தில் கேட்காது. வண்டியிலுள்ள இரங்கிக்கு மட்டும் கேட்கும். கேட்டதும் தீப்பொறியைத் துண்டித்து, விளக்கைக் காட்டி, வண்டியை நிறுத்திவிடும். ஓட்டுகிறவர் இறங்கித் தேடட்டும் என்று சட்டம் போட்டு வைத்தது. கால் மணி நேரத்தில் விட்டுவிடும். நின்றவரும் மூச்சில்லாமல் செத்துவிடக் கூடாது அல்லவா. எல்லை தாண்டிவிட்டு மறுபடி வந்தால் மறுபடி நிறுத்தும்.

பூமியில் இவர்களின் தாத்தாமார், சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் எஞ்சினை ஓடவிடாத வயரை, புது வண்டி வாங்கிய வாரமே வெட்டச் சொல்வார்களாம். இங்கே முதல் சர்வீஸில் இரங்கி. ஞானமுத்துவின் பட்டறையில் கழற்றிய இரங்கிகள் ஒரு பேரல் நிறையக் கிடக்கின்றன.

“இந்த வண்டிக்காரன் தவசிலிங்கம்னு ஒருத்தன். புதுசா வந்தவன், பட்டறைப் பக்கமே வரல. மணல்புயல்ல காணாமப் போயிட்டான். வண்டி ரெண்டு மேடு தள்ளி நின்னுச்சு, ஆளக் காணும். ஊரே தேடிச்சு. நானும்தான். இந்த வழியா எத்தனை தடவ போயிட்டு வந்திருப்பேன்.” அவர் தன் வண்டியைப் பார்த்தார். “ஒருத்தன் வண்டியும் நிக்கல.”

சேர்மக்கனி மேட்டைப் பார்த்தாள். ஆள் நீளத்துக்கு இருந்தது.

“நான் தினமும் அது மேலதான் அண்ணாச்சி உக்காந்தேன்.”

“உனக்கென்ன தெரியும்.”

“தோண்டி எடுத்து, கூவிய அமத்திருவோமா? பட்டன் இருக்கும்லா.”

“இருக்கு. ஆனா யாரு அமத்துனான்னு அது பதிஞ்சுகிடும். அப்புறம் காவல்கூடத்துல கூப்பிட்டு உக்கார வப்பான். நீ ஏன் அங்க போன, தினம் நின்னியே, ஏன் சொல்லல, வண்டி உன் கைக்கு எப்படி வந்துச்சு? விசாரணை முடியற வரைக்கும் வண்டி அவங்கிட்ட. நீ சுரங்கத்துக்கு நடந்தா போவ?”

அவள் காற்றுமானியைப் பார்த்தாள். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

“நாளைக்கு நான் இப்படி விழுந்தா, அண்ணாச்சி?”

“அதுக்குத்தான் விழாம ஓடுத மாதிரி ரெடி பண்ணித் தாரேங்கேன்,” என்றார் அவர், பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தபடி.

சிவப்பு விளக்கு எரிந்து அணைந்துகொண்டிருந்தது. அவள் மேட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, “வெட்டுங்க,” என்றாள்.

ஞானமுத்து விளக்கின் மேல் பழைய ஸ்டிக்கரையே அழுத்தி ஒட்டினார். ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றதை விரலால் நீவிவிட்டார். மறுநாள் அவள் மூன்றாவது மேட்டை அதே வேகத்தில் தாண்டினாள். மானியில் காற்று தேவைக்கு மேலேயே இருந்தது.

இருக்கைக்கு அடியில், இரங்கியிலிருந்து தீப்பொறிச் சுருளுக்குப் போகும் மஞ்சள் வயர். அதை வெட்டி, முனையில் டேப் சுற்றிவிட்டால் போதும். வண்டி எங்கேயும் நிற்காது.