வெள்ளைக் குழாய்

செவ்வாய்க் கோளின் ஏழாம் குமிழ்க் குடியிருப்பில் ஆண்டுக்கொருமுறை வீட்டுத் தண்ணீர்க் குழாயைக் கழற்றி உரக்குழியில் போட்டுவிடுவார்கள். வாழைநாரைப் பின்னி, பாசிப் பிசினில் ஊறவைத்து, வெப்பப் பெட்டியில் இறுக்கிய குழாய். மட்கினால் வாழைக்கே உரம். வீட்டுக்கு நான்கு வாழை. அவற்றின் நார்தான் அடுத்த ஆண்டுக் குழாய். செவ்வாயில் மூன்று தலைமுறை இப்படித்தான் தண்ணீர் குடித்தது.

எழிலிக்கும் அதில் குறை தெரிந்ததில்லை, பக்கத்து வீட்டுத் திலகா வெள்ளைக் குழாய் மாட்டும்வரை.

"பூமியிலிருந்து வந்த பிளாஸ்டிக்," என்றாள் திலகா, இல்லாத தூசியைத் துடைத்தபடி. "மட்கவே மட்காதாம் அக்கா. உங்க வீட்டுது பழுப்பா, பாவம், என்னமோ மாதிரி இருக்கு."

எழிலிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"அதுல தண்ணி வராது," என்றான் கணவன் நன்மாறன். "பூமிக் குப்பைமேட்டில் தோண்டினது. தண்ணி விட்டா தெறிச்சிடும். அவ வீட்டுச் சுவருக்குள்ளே நார்க்குழாய்தான் ஓடுது. வெளியில அந்த வெள்ளையை நான்தானே மாட்டிக் கொடுத்தேன்."

"மாட்டிக் கொடுத்தீங்களா? அவளுக்கா?"

நன்மாறன் வாழைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான்.

பூமியிலிருந்து சரக்குக் கப்பல் வந்தது. அங்கே வாழைக்கெல்லாம் நோய். நோயற்ற வாழைக் கிழங்குக்குக் கப்பல்காரர்கள் வெள்ளைக் குழாய் கொடுத்தார்கள். எழிலி தன் வாழை நான்கையும் தோண்டியெடுத்தாள்.

"நாருக்கு ஒண்ணையாவது விட்டு வையேன்," என்றான் நன்மாறன்.

"மூணு கொடுத்தா திலகாவோட நீளம்தான் வருமாம்."

ஒரு முழம் கூடுதலாக வந்தது. கூடத்தில், திலகா கண்ணில் படும்படி மாட்டினாள். அன்று திலகா வீட்டில் சோறு இறங்கவில்லை. அடுத்த கப்பலுக்குத் தெருவே கிழங்கோடு வரிசையில் நின்றது.

ஆண்டு முடிந்தது. சுவருக்குள் நார்க்குழாய்கள் இற்று ஒழுகின. பின்ன நாரில்லை. எழிலி வாளியோடு பொதுத் தொட்டிக்கு அலைந்தாள். வழியில் திலகாவும் வாளியோடு வந்தாள். இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் நார்க்குழாய் கேட்டுப் பூமிக்கு எழுதினார்கள். குமிழின் மற்ற விளைச்சலில் பாதியைக் கொடுத்தபின் குழாய்கள் வந்து இறங்கின. செவ்வாய் வாழையின் நாரில் பூமியில் பின்னியவை.

நன்மாறன் தட்டிப் பார்த்தான். "நாம பின்னினதேதான். அதே பழுப்பு."

"உங்களுக்கென்ன தெரியும்? பூமி வேலைன்னா அந்த வழவழப்பே தனி," என்று எழிலி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"திலகாவுக்கு எத்தனை இறங்கியிருக்கு, எட்டிப் பாருங்க."