வெற்று வீட்டுக்குள் சொன்ன பெயர்

மூன்று தரம் துடைத்தும் பின்னறைச் சிமெந்துத் தரையில் அந்த இரண்டு ஈரக் கால்தடங்கள் மட்டும் காயவில்லை. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. கதவைப் பார்த்தபடி இருந்தன.

தூத்துக்குடியில் இருந்து இலங்கையின் கற்பிட்டி இறால் பண்ணைக்கு வேலைக்கு வந்த மாரிச்செல்விக்கு, படத்தில் பார்த்த வெள்ளை வீடு இதுதான் என்று நம்பவே ஒரு கிழமை பிடித்தது. கடல் தெரியவில்லை, வெங்காயப் பாத்திகளுக்கு அப்பால் காற்றாலைகள் நாள் முழுக்க ஒரே மூச்சாய் இரைந்தன, சுவர்கள் உப்புப் பூத்து உதிர்ந்தன, கருவாட்டு வாடை தலையணைக்குள்ளும் புகுந்து கிடந்தது. வேறு வீடு அகப்படவில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் ஆறு வயது மகள் சிந்து வந்துவிடுவாள். அதற்குள் இதை ஒரு வீடாக்கியாக வேண்டும்.

சாவி கொடுத்த அன்று வீட்டுக்காரி கமீலா ஒன்றுதான் சொல்லியிருந்தாள். "ஆள் இல்லாத ஊட்டுக்குள்ள போகக்குள்ளயும் நாங்க சலாம் சொல்லிட்டுத்தான் போற. நீங்களும் என்னத்தையாச்சும் சொல்லிட்டுப் போங்க, தங்கச்சி."

மாரிச்செல்விக்குச் சலாம் வாயில் வரவில்லை. வேலை விட்டு வந்து பூட்டைத் திறக்கும்போது, ஊரில் சொல்வதையே சொன்னாள்.

"சிந்து, அம்மா வந்துட்டேன்."

சுவரில் பட்டுத் திரும்பும் அந்தப் பெயருக்காகவே சில நாள் வேகமாக நடந்து வந்தாள்.

இரண்டு மாதம் முடியப்போகிற ஒரு பின்னேரம் வேலிக்கு அப்பால் நின்ற கமீலாவின் காதில் அது விழுந்துவிட்டது. "மகள் வந்துட்டாவா?"

"இல்லக்கா, அடுத்த வாரம்தான் வாரா. சும்மா கூப்பிடுவேன்."

கமீலா சிரிக்கப் போனாள். சிரிக்கவில்லை. "இல்லாத புள்ளைட பேரச் சொல்லி வெத்து ஊட்டுக்குள்ள கூப்பிடுற ஆளை இப்பதான் காணுறன். எத்தின நாளா?"

"வந்ததுல இருந்தே."

"இனி வாணாம்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து மாரிச்செல்வி வாய் திறக்காமல் உள்ளே போனாள். தடங்கள்தான் நகர்ந்தன. முதலில் பின்னறையை விட்டு நடைக்கு. பிறகு வாசற்படிக்கு. கூப்பிட்டவளைத் தேடுவது போல.

சிந்துவைக் கூட்டிக்கொண்டு விமான நிலையத்தில் இருந்து வேனில் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்கான பாங்கு முடிந்திருந்தது. கரண்ட் இல்லை. பிள்ளை பின் ஆசனத்தில் தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். மாரிச்செல்வி இறங்கி, கைப்பைக்குள் சாவியைத் துழாவினாள். சின்னக் கை ஒன்று அவளுடைய இடக்கைக்குள் நுழைந்தது.

எத்தனை நாள் ஏங்கிய கை. இறுகப் பற்றிக்கொண்டாள். இருட்டில் மணல். படி. கதவு.

"பாத்து வா, கண்ணு."

"ம்."

காற்றாலைகள் நின்றிருந்தன.

"அம்மா!" பின்னால், வேனுக்குள் இருந்து அழுகை. "என்னைய விட்டுட்டு எங்கம்மா போற?"

அவள் அசையவில்லை. கைக்குள் ஈரம். விரல்களுக்கிடையில் உப்பு நறநறத்தது.

பிடியை விட்டாள்.

அது விடவில்லை. தன் மற்றக் கையை, மணலில் ஓடி வந்த சிந்துவை நோக்கி நீட்டியது.