நீர்வழிச் சோதனை

ஐப்பசி முதல் தேதி காலையில் ஒரே தெருவான தாழைமேடு நகரின் முப்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் கீழ்த்தளத்தைத் தண்ணீருக்கு ஒழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சோபாக்கள் மாடி ஏறின. குளிர்பெட்டிகள் கால் முளைத்துத் தாமாகவே படியேறின.

ஏரிகளைச் சட்டம் ஆட்களாக ஏற்று அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏரி சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், மனுக் கொடுக்கலாம். அதற்குப் போய்ச்சேரும் மழைநீருக்கு ஒவ்வொரு மனைக்காரரும் வாசலிலிருந்து கொல்லைவரை ஆறடி அகலத்தில் நீர்வழி விட்டாக வேண்டும். குறுக்கே சுவர் கூடாது.

மங்கையர்க்கரசியின் வீட்டில் குறுக்கே சுவர் இருந்தது. சுவருக்குப் பின்னால் அறை, அறையில் கட்டில், கட்டிலில் அவள் கணவர் தணிகாசலம். அவருடைய முழங்கால்கள் இரண்டும் செயற்கை. அவற்றின் மென்பொருளைத் தயாரித்த நிறுவனம் கடையை மூடியதிலிருந்து முழங்கால்களுக்குப் படியேறுவது மறந்துபோயிருந்தது. மாடியில் அவரை வைக்க முடியாது. வேறு இடமும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் கட்டிய அந்தச் சுவரை நினைத்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

"இதுக்கா பயப்படுறீங்க?" என்றான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயசீலன். அவன் அடுத்த வீட்டுக்காரன். "அளவர் வாசல்ல ஒரு குடம் நீலத் தண்ணி ஊத்தும். கொல்லையில நீலத் தண்ணி வருதான்னு பாக்கும். அதே தண்ணியான்னு அது கேக்காதுக்கா. நீலம் நம்ம முக்குக் கடையிலயே கிடைக்குது."

பத்து மணிக்கு அரசின் சோதனை இயந்திரமான அளவர் வந்தது. முழங்கால் உயரம், ஆறு கால்கள். தன் குட்டி இயந்திரத்தைக் கொல்லைக்கு அனுப்பிவிட்டு வாசலில் குடத்தைக் கவிழ்த்தது. நீலத் தண்ணீர் உள்ளே ஓடி, சுவரோரம் விரித்திருந்த பழைய மெத்தையில் அடங்கியது.

"மங்கை, இப்ப ஊத்தவா?" சுவருக்குப் பின்னாலிருந்து தணிகாசலம் கேட்டார்.

அவள் பலமாக இருமினாள். அவர் கட்டிலில் இருந்தபடியே நீலம் கரைத்த வாளியைச் சரித்தார். கொல்லைப்புறத் துளை வழியே நீலத் தண்ணீர் வெளியேறியது.

"இவ்வீட்டில் நீர் தடையின்றிச் செல்கிறது," என்றது அளவர். சான்றிதழ் கதவில் ஒட்டப்பட்டது. பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

நாலாம் நாள் மழை பிடித்தது. பிற்பகலில் கட்டில்வரை தண்ணீர் ஏறிவிட்டது. அவளும் ஜெயசீலனும் தணிகாசலத்தைக் கதவுப் பலகை ஒன்றில் படுக்கவைத்து மாடிக்குத் தூக்கினார்கள்.

"உன் வீட்டுல தண்ணி போகுதா?" மூச்சு வாங்கக் கேட்டாள் மங்கையர்க்கரசி.

ஜெயசீலன் அவளைப் பார்க்கவில்லை. "நம்ம தெருவுல யார் வீட்டுலயுமே போகலைக்கா."

தை பிறந்தும் தண்ணீர் வடியவில்லை. பங்குனியில் நாரைகள் வந்தன. சித்திரையில் ஜெயசீலனின் கார் கூரைமேல் ஒரு ஆமை வெயில் காய்ந்தது. மக்கள் மாடியிலேயே வாழப் பழகிக்கொண்டார்கள்.

அடுத்த ஐப்பசியில் அளவர் காற்றடைத்துக்கொண்டு மிதந்து வந்து தெருநடுவில் நின்றது. எல்லாரும் பால்கனிக்கு வந்தார்கள்.

"ஏரி ஒரு மனுக் கொடுத்திருக்கிறது," என்றது அது. "இத்தெருவில் ஓராண்டாகக் குடியிருப்பதால் இடத்தை வரன்முறைப்படுத்தித் தரக் கேட்கிறது."

"இது எங்க எடம். பட்டா இருக்கு," என்றான் ஜெயசீலன்.

"உண்டு. ஏரிக்குள் வீடு கட்டிய உங்கள் கொள்ளுத்தாத்தாக்களுக்கு இதே விதியின் கீழ் வழங்கப்பட்டது. விதியை இதுவரை யாரும் நீக்கவில்லை. நீர் வெளியேற வழியில்லாமல்தான் தங்கியது என்று நிரூபித்தால் மனு தள்ளுபடியாகும். ஆனால் முப்பத்து மூன்று வீட்டிலும் நீர் தடையின்றிச் செல்வதாகச் சான்றிதழ் உள்ளது. ஆகவே அது விரும்பித் தங்கியிருக்கிறது. ஆட்சேபம் உண்டா?"

மங்கையர்க்கரசி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"என் வீட்டுல சுவர் இருக்கு," என்றாள். "நான்தான் கட்டினேன். சோதனையில ஏமாத்தினேன்."

அளவர் குறித்துக்கொண்டது. "ஒரு வீட்டுச் சுவரால் ஒரு தெருவின் நீரைத் தடுக்க இயலாது. வேறு யார் வீட்டிலாவது?"

முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அளவர் சட்டப்படி ஐந்து நிமிடம் காத்திருந்தது.

"மனு ஏற்கப்பட்டது. இன்று முதல் இத்தெரு ஏரிக்குச் சொந்தம்."

"அப்ப நாங்க?" என்றாள் மங்கையர்க்கரசி.

"ஆக்கிரமிப்பாளர்கள். ஏரி ஆட்சேபிக்காத பட்சத்தில் நீங்களும் ஓராண்டு கழித்து மனுக் கொடுக்கலாம்."

அளவர் திரும்பி மிதக்கத் தொடங்கியது. ஜெயசீலன் பால்கனிக் கம்பிக்கு மேல் எட்டிக் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சார், ஒரு நிமிஷம். ஏரியில நமக்கு வேண்டியவங்க யாராவது இருக்காங்களா?"