ஒல்லாந்தர் கிடங்கின் மூச்சு

"வள்ளத்தத் தள்ளுல கஸ்மீர்! கடலு நமக்காக வத்திக்கிட்டே கெடக்குமா?"

சொல்லிக்கொண்டே பெர்பத்து முழங்கால் நீரில் இறங்கி, வள்ளத்தைத் தோளால் முட்டினாள். உச்சிவெயில். அமாவாசை. இரண்டும் கூடிய வேளையில் சங்குமுனை ஊர்க்காரர் எவரும் உப்பங்கழியைத் தாண்டுவதில்லை. அக்கரை மேட்டில் ஒல்லாந்தர் கட்டிய பழைய கிடங்கு நிற்கிறது. அதன் அடியில் ஏதோ ஒன்று முனகுகிறது.

நாளைக் காலை அதை இடிக்க எந்திரம் வருகிறது. நிலவறையில் தண்ணீர், சுவரெல்லாம் ஊறல், ஆபத்தான கட்டடம் என்று நகராட்சிப் பொறியாளர் முடிவு கட்டிவிட்டார். பெர்பத்துவும் கட்டட வேலை படித்தவள் என்பதால், அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "தண்ணி நிக்கிற காரணத்தக் கண்டுபிடிச்சு வடிய வச்சுக் காட்டும்மா, இடிக்கல."

இரண்டு வருடம் முன்பு அடித்த புயலில் அவள் அப்பா ஒதுங்க ஒரு கூரை தேடி ஓடினார். கிடைக்கவில்லை. உடைமுள் மரம் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடியே செத்துக் கிடந்தார். அந்தப் புயலில் அவர்கள் குடியிருந்த கீழைக்குப்பமே பறந்தது. கிடங்கில் ஓர் ஓடுகூட நகரவில்லை. முந்நூறு பேர் ஒதுங்கியிருக்கலாம். பேய்க்குப் பயந்து ஒருவர்கூடப் போகவில்லை.

வள்ளத்தில் ஏறிய மூன்றாவது ஆளை யாரும் அழைக்கவில்லை. 'மரபுச் செம்மல்' பிச்சுமணி, சங்குமுனை மரபுக் காப்பு மன்றத்தின் தலைவர். செம்மல் பட்டத்தை வழங்கியது மன்றம். மன்றம் என்றால் அவரும் அவர் மைத்துனரும். தலையில் விளக்கு வைத்த தொப்பி, கழுத்தில் விசில், இவற்றோடு ஒரு பொன்னாடை. நிலவறையில் ஒல்லாந்துக் கப்பல் தலைவன் ஒருவன் முத்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான் என்று விழா மலரில் எழுதியவர் அவர்தான். பக்கம் நிரம்பவில்லை என்பதற்காக எழுதியது. நாளடைவில் அவரே அதை நம்பிவிட்டார்.

"வரலாறு நம்மை அழைக்கிறது!" என்று எழுந்து நின்றார். வள்ளம் ஒருபக்கம் சாய்ந்தது.

"வரலாறு கூப்பிட்டா உக்காந்துக்கிட்டே பேசும் ஐயா, கவுந்துரும்!" என்றான் கஸ்மீர். அவன் பெர்பத்துவின் சித்தப்பா மகன், சங்கு குளிப்பவன். சுறாவைக் கண்டால் சிரிப்பான். பேய் என்றால் மட்டும் கழுத்திலுள்ள, மாதா படம் தைத்த உத்தரியத்தைக் கையில் பிடித்துக்கொள்வான். இப்போதே பிடித்திருந்தான்.

அக்கரையில் காற்றில்லை. உடைமரங்கள் அசையவில்லை. காக்கை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ரோஸ் வண்ணச் சுவர்கள் பாளம் பாளமாக உரிந்து நின்றன. உள்ளிருந்த பவளக்கல் புண் போலத் தெரிந்தது. கல்லிலிருந்து உப்பு கசிந்து வெள்ளைத் தாடியாய்த் தொங்கியது.

அப்போது முனகல் கேட்டது. நீண்ட, ஈரமான மூச்சு. சற்றே ஓய்ந்து மறுபடியும்.

"எக்கா, நாளைக்கு வருவமா?"

"நாளைக்கு வந்தா கல்லுதாம்ல கெடக்கும். கயித்தக் கட்டு!"

கிடங்குக்குள் நுழைந்து தரைக்கதவைத் தூக்கினார்கள். படிகள் கருத்த நீருக்குள் இறங்கின. நீர் மார்பளவு, வெயில் காலத்திலும் குளிர். செத்த நண்டும் ஊறிய சுண்ணாம்பும் சேர்ந்த வாடை. வளைவு வளைவாகத் தூண்கள் இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தன. பெர்பத்துவின் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். திரும்பினாள். யாருமில்லை.

"கேக்குதா? ஒல்லாந்து மொழியில பேசுறான்!" என்று கிசுகிசுத்தார் பிச்சுமணி.

"உங்களுக்கு ஒல்லாந்து தெரியுமாய்யா?"

"தெரியாது. அதான் ஒண்ணும் புரியல."

கஸ்மீருக்கு அது வேறாகக் கேட்டது. அவனோடு சங்கு குளிக்க இறங்கி மேலே வராமல் போன மிக்கேல், கயிற்றை இழுக்கச் சொல்கிறான். பெர்பத்துவுக்கு ஒல்லாந்தனும் கேட்கவில்லை, மிக்கேலும் கேட்கவில்லை. "பெர்பத்து... உள்ள வா..." அவள் அப்பா, புயல் நாளில் கட்டிய தொண்டையோடு கூப்பிட்டார். கண் கரித்தது. உப்புத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள். தூணில் கையை ஊன்றி நின்றாள். அப்போதுதான் கவனித்தாள். வெளியே அலை மோதும்போது முனகல் எழுகிறது; அலை திரும்பும்போது அடங்குகிறது.

"லேய் கஸ்மீர், சின்னதுல இதுக்குள்ள வந்திருக்கியா?"

"வராம? கண்ணாமூச்சி ஆடுவோம். காஞ்ச தரை. சத்தமெல்லாம் இந்த மூணு வருசமாத்தான்."

"நான் வெளியூர்ல படிச்சிட்டிருந்தேன். மூணு வருசம் முந்தி இங்க என்ன நடந்துச்சு?"

"ஐயாவோட விழாதான் நடந்துச்சு," என்றான் கஸ்மீர். இருவரும் மெல்லத் திரும்பிச் செம்மலைப் பார்த்தார்கள். தொப்பி விளக்கு தாழ்ந்தது.

"கிடங்குக்கு ஆண்டு விழா எடுத்தோம்ல... சிறப்பு விருந்தினர் நிக்கிற எடத்துக்குப் பின்னால, சுவரடியில ஓட்டை ஓட்டையா இருந்துச்சும்மா. நண்டு வேற போக வர இருந்துச்சு. படத்துல அசிங்கமா விழும்னு சிமெண்டு மூட்டைய வச்சு அடைச்சு, மேல பூசி, ரோஸ் அடிச்சிட்டோம். பாதுகாப்புப் பணின்னு பேப்பர்லயே வந்துச்சே!"

பெர்பத்துவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை. ஒல்லாந்தன் வைத்த வடிகால் அது. ஏறும் கடல் கல்லில் ஊறி உள்ளே வரும். வற்றும்போது அந்த வழியே வெளியேறும். வாயை அடைத்த பிறகு வந்த நீர் வந்த இடத்திலேயே நின்றது. இடுக்கில் சிக்கிய காற்றுதான் முனகியது. அந்த முனகலுக்குப் பயந்துதான் அன்று கீழைக்குப்பம் இங்கே வரவில்லை. அப்பாவும் வரவில்லை.

"கடப்பாரைய எடு! கடல் ஏறிட்டா தண்ணி வெளிய போவாது. ஐயா, ரெண்டு கயித்தையும் புடிச்சிக்கிட்டுப் படியில நில்லும். விட்டீரு, நாங்களும் இங்கயே முனகுவோம்!"

இருவரும் மூழ்கினார்கள். கடற்பக்கச் சுவரின் அடியில் கை தடவிப் போனது. கல், கல், அப்புறம் சாக்கின் சுரசுரப்பு! கஸ்மீர் குத்தினான். பெர்பத்து நெம்பினாள். மூச்சு வாங்க மேலே வந்து மறுபடி மூழ்கினார்கள். கல்லாய் இறுகிய மூட்டை அசையவில்லை. மேலே, "அலை பெருசாகுது புள்ள!" என்று செம்மல் அலறுவது நீருக்குள் மங்கலாகக் கேட்டது. மேடைத் தமிழ் அவரை எப்போதோ கைவிட்டிருந்தது.

இன்னொரு குத்து! மூட்டை விரிந்தது. பெர்பத்து இடுக்கில் கடப்பாரையைச் செருகி, சுவரில் காலை ஊன்றி, முழு உடம்பையும் கொடுத்தாள். அடைப்பு பிய்த்துக்கொண்டு போனது!

நிலவறை முழுவதும் நின்ற நீர் அந்த ஒரு வாய்க்குள் பாய்ந்தது. அவளையும் சேர்த்து! இடுப்புவரை வடிகாலுக்குள் போய்விட்டாள். கஸ்மீர் ஒரு தூணில் மோதி அதைக் கட்டிக்கொண்டான். இருட்டில், காதோரம், மிக அருகில், "உள்ள வா பெர்பத்து, மழை நனைக்குது பாரு..." ஒரு கணம் போய்விடலாம் என்றுதான் இருந்தது அவளுக்கு.

கயிறு விறைத்தது.

படியின் குறுகிய வளைவில் பிச்சுமணி சிக்கியிருந்தார். நீரோடு கயிறு இழுத்த இழுப்பில் அவரது தொந்தி இரு கல் நிலைகளுக்கும் நடுவே ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிட்டது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. "ஏ யம்மா! ஏ யப்பா!" என்று கதறினாரே தவிர, கை கிழிந்து ரத்தம் வந்தும் கயிற்றை விடவில்லை. இத்தனை வருட மரபுக் காப்பில் அவர் உண்மையாகவே காப்பாற்றியது அன்றுதான்.

முனகல் ஓலமாகி, சீழ்க்கையாகி, நின்றது. அந்த அமைதி முனகலைவிட மோசமாக இருந்தது.

பெர்பத்து கயிற்றைப் பற்றிக்கொண்டு வடிகாலிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தாள். நீர் வடிந்த தரையில் செங்கல் மீன்முள் போல் வரிசை குலையாமல் தெரிந்தது. இருவரும் சேர்ந்து செம்மலைப் பிடுங்கி எடுத்தார்கள். விடுபட்டதும் அவர் சேற்றில் பாய்ந்தார். "பெட்டி! இரும்புப் பெட்டி!" மூடியை நெம்பினார். உள்ளே அவர் மன்றத்து ஆட்கள் விட்டுப்போன ரோஸ் பெயிண்ட், பாதி டின்.

தரைக்கதவைச் சாத்தும்போது கீழேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. நீருமில்லை, அலையுமில்லை.

"காத்துதானக்கா?"

"காத்துதாம்ல. நட."

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பொறியாளர் காய்ந்த செங்கல்லைக் காலால் தட்டிப் பார்த்தார். எந்திரத்தைத் திருப்பி அனுப்பினார். அடைந்திருந்த மற்ற ஓட்டைகளையும் திறந்தார்கள். சிமெண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள். கிடங்கு, புயல் காப்பிடம் ஆனது. புயல் இல்லாத நாட்களில் குப்பத்துப் பெண்கள் அங்கே கருவாடு கட்டினார்கள். ஒரு வீட்டின் மூக்கைப் பொத்திவிட்டு அதற்கு மாலை போடுவதற்குப் பெயர் காப்பாற்றுதல் அல்ல என்று சங்குமுனைக்குப் புரிந்தது. செம்மலுக்கும் ஓரளவு புரிந்தது.

ஐப்பசியில் புயல் வந்தது. கழி பொங்கும் முன்பே கீழைக்குப்பத்துச் சனம் கோழி, குழந்தை, வலை, அடுப்பு சகிதம் அக்கரை சேர்ந்துவிட்டது. மாலை மங்கும்போது கஸ்மீர் கதவுப் பலகையைத் தூக்கி வந்தான்.

"எல்லாரும் வந்தாச்சுக்கா. அடைச்சிருவமா?"

பெர்பத்து வாசலிலேயே நின்றாள். மழைக்குள் உடைமரங்கள் ஆள் போலக் குனிந்து நிமிர்ந்தன.

"பொறுல," என்றாள். "இன்னும் யாராச்சும் வருவாவ."

லாந்தரை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.