பதினோராம் கட்டிலின் சூடு

வார்டில் இருக்கும் இருபத்திரண்டு கட்டில்களின் சக்கரங்களும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸான மேட்ரன் போட்ட சட்டம் அது. பயிற்சி நர்ஸ் டார்கஸ் பென்ஃபோல்டு பகல் மூன்று மணிக்கெல்லாம் குனிந்து குனிந்து எல்லாச் சக்கரத்தையும் காலால் தட்டித் திருப்பிவிட்டாள். பதினோராம் கட்டில் மட்டும் அடங்கவில்லை. இரண்டு தடவை திருப்பியாயிற்று. மூன்றாம் தடவை வந்து பார்த்தபோதும் நான்கு சக்கரங்களும் அவள் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

ஆளில்லாத கட்டில். யாரும் தொட்டிருக்க வழியில்லை.

நவம்பர் மாத லண்டன் மூடுபனி மூடிய ஜன்னலையும் மீறி உள்ளே வந்து, கார்பாலிக் கிருமிநாசினியின் நெடியோடும் கரிப்புகையோடும் ஆட்டிறைச்சிக் கஞ்சி வாசனையோடும் கலந்து, வார்டின் கடைசிக் கட்டில்களை மங்கலாக்கியிருந்தது. பகலிலேயே எரியவிட்ட கேஸ் விளக்குகள் தலைக்கு மேல் சீறிக்கொண்டிருந்தன.

"என்ன முப்பத்தொண்ணு, சக்கரத்துக்குப் பாடம் நடத்துறியா?"

சிஸ்டர் மார்த்தா. அது அவர் பெயரல்ல, வார்டின் பெயர். இந்த ஆஸ்பத்திரியில் வார்டு எதுவோ, அதன் பெயர்தான் அதை ஆளும் சிஸ்டருக்கும். பயிற்சி நர்ஸ்களுக்கு அதுகூடக் கிடையாது, வெறும் எண்தான்.

"திரும்ப மாட்டேங்குது சிஸ்டர்."

"அஞ்சு மணிக்கு மேட்ரன் ரூம்ல உனக்கு சர்டிஃபிகேட். மூணு வருஷமும் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாம முடிக்கிறவ இந்த வார்டுல நீ ஒருத்திதான். போயும் போயும் சக்கரத்துல கோட்டை விட்டுடாத." சிரித்துக்கொண்டே நகர்ந்தவர் நின்றார். "ஆபரேஷன் முடிஞ்சு ஒருத்தி வர்றா. பதினொண்ணுல சூடு வை."

டார்கஸ் பதினோராம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

கறுப்புப் புள்ளி இல்லையாம்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் இதே கட்டிலில்தான். குளோரோஃபார்ம் மயக்கத்தில் வருகிறவர்களுக்குப் படுக்கை இளஞ்சூடாக இருக்க வேண்டும். வெந்நீர் நிரப்பிய கல் சாடிகள் நான்கை ஃபிளானல் துணி உறையில் கட்டிப் போர்வைக்குள் வைப்பார்கள். நோயாளியைக் கிடத்தும் முன் நான்கையும் எடுத்துவிட வேண்டும். மயக்கத்தில் இருப்பவளுக்குச் சுட்டாலும் தெரியாது. முதல் வாரமே சொல்லித்தரும் பாடம். அன்று டார்கஸ் மூன்றைத்தான் எடுத்தாள். நான்காவது சாடியின் முடிச்சு அவிழ்ந்து, உறை விலகிய வெறும் கல், மயக்கத்தில் கிடந்த திருமதி கேரிட்டி என்ற கிழவியின் இடது கெண்டைக்காலில் ஒரு மணி நேரம் கிடந்தது.

படுக்கையில் கிடந்த உறையில் சிவப்பு நூலால் 27 என்று தைத்திருந்தது. கூடப் பயிற்சியில் இருந்த லெட்டிஸ் ஸ்வேனின் எண். டார்கஸின் உறைகள் துவைக்கப் போயிருந்ததால், லெட்டிஸின் கொக்கியிலிருந்து கேட்காமல் எடுத்தது அது. "நான் கட்டல மேட்ரன்" என்று சொல்லிவிட்டு லெட்டிஸ் டார்கஸைப் பார்த்தாள். டார்கஸ் தரையைப் பார்த்தாள். தேநீர் மணி அடிப்பதற்குள் லெட்டிஸின் பெட்டி வாசலுக்குப் போய்விட்டது.

புண் அழுகியது. பதினாறு நாள் கட்டுப் போட்டவள் டார்கஸ்தான். மீன் சந்தையில் கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போன அந்தக் கிழவி ஒவ்வொரு நாளும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். "உன் கை பூ மாதிரிடி கண்ணு. அந்தப் பாவி எவளோ செஞ்சா, நீ கெடந்து கஷ்டப்படுறே. நல்லா இருப்பே." பதினேழாம் நாள் டார்கஸே அவள் கண்களை மூடினாள்.

இப்போது அவள் தன் நான்கு உறைகளில், 31 என்று தைத்தவற்றில், நான்கு சாடிகளைக் கட்டினாள். முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். வைத்தாள். கால் மணி கழித்து எடுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. வாய்விட்டு எண்ணித் தரையில் வரிசையாக நிறுத்தினாள்.

சூடு ஆறியிருக்கிறதா என்று போர்வைக்குள் கைவிட்டாள்.

கொதித்தது.

கால்மாட்டில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. இழுத்தாள். ஐந்தாவது சாடி. உறை முடிச்சவிழ்ந்து தொங்கியது. சிவப்பு நூல். 27.

சாடி உள்ளங்கையைச் சுட, கைநழுவ விட்டாள். கல் தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. கீழே பார்த்தாள். நான்கு சாடிகள்தான் நின்றன. கையில் உறை மட்டும் இருந்தது.

கதவு திறந்தது. சிப்பந்திகள் இருவர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். முன்னால் வந்த பிக்ஸ் எப்போதும் போல, "வழி விடுங்க தாயி, மகாராணி பல்லக்கு வருது" என்றான்.

"இருங்க. படுக்கை ரெடியாகல. சுடுது."

சிஸ்டர் மார்த்தா வந்து போர்வைக்குள் கை வைத்துத் துழாவினார். "சுடுதா? ஐஸ் மாதிரி கெடக்கு. சாடியை ரொம்ப முன்னாடியே எடுத்துட்டியா?" அப்போதுதான் அவள் கையைப் பார்த்தார். "என்ன அது? இருபத்தேழா? அந்த லெட்டிஸோடதுல்ல?"

டார்கஸின் உள்ளங்கை எரிந்தது. கொப்புளம் எழும்புவதை உணர முடிந்தது.

"என்ன மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?" சிஸ்டரின் குரல் தணிந்தது. "மனசுல ஏதாவது இருந்தா இங்கயே சொல்லு பொண்ணே. மேட்ரன் முன்னாடி போய் நின்னு அழாத."

நான்தான் சிஸ்டர். இரண்டே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. கூடவே ஐந்து மணியும் வந்தது, சர்டிஃபிகேட்டும் வந்தது, ஊரில் அதற்காகக் காத்திருக்கும் அம்மாவும் வந்தாள். பிக்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கட்டில்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழைய துணி மூட்டையில கெடந்தது சிஸ்டர்."

சொன்னதும் காது மடல்வரை சூடேறியது. எவ்வளவு சரளமாக வந்துவிட்டது.

"சரி, அடுப்புல போடு. தூக்குங்கப்பா."

கிடத்தினார்கள். இளம்பெண். குளோரோஃபார்ம் வாடையோடு வாய் திறந்து மூச்சுவிட்டாள். சிஸ்டர் நாடி பார்க்கத் தலைமாட்டில் நின்றார். கால்மாட்டில் போர்வையைச் செருகி மூலை மடிக்க வேண்டியது டார்கஸின் வேலை.

குனிந்தாள்.

முதலில் வாசனை. கருகிய தோல். அதன்மேல் கார்பாலிக். அதற்கும் அடியில், லேசாக, மீன்.

போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள்.

இளம்பெண்ணின் இரண்டு பாதங்கள். சிவந்த, உயிருள்ள பாதங்கள்.

அவற்றின் பக்கத்தில் இன்னும் இரண்டு.

நீலம் பூத்தவை. நகங்கள் வெளுத்தவை. இடது கெண்டைக்காலில் ஒரு கட்டு. ஒவ்வொரு சுற்றிலும் மடித்துத் திருப்பி, மீன் முள் போல அடுக்கிய கட்டு. அவள் கைவேலை. அந்தப் பதினாறாம் நாள் போட்டது.

நீலக் கட்டை விரல் அசைந்தது. இரண்டு பாதங்களும் மெல்ல, மரியாதையாக, இளம்பெண்ணுக்கு இடம் விட்டு நகர்ந்து படுத்தன.

போர்வைக்குள்ளிருந்து, தொண்டை கட்டிய குரல்.

"பூ மாதிரி கை."

"முடிஞ்சுதா?" தலைமாட்டிலிருந்து சிஸ்டர் கேட்டார். "மணி அஞ்சாகப் போகுது. மேட்ரன் காத்திருப்பாங்க."

கத்தலாம். காட்டலாம். காட்டினால் அது யார் கால் என்று சொல்ல வேண்டும்.

டார்கஸ் போர்வையை இறக்கினாள். மெத்தைக்கு அடியில் செருகினாள். இடது மூலை. வலது மூலை. நாற்பத்தைந்து பாகை, சுருக்கமில்லாமல்.

"இதான் வேலை" என்று சிஸ்டர் மார்த்தா அந்த மூலையைத் தட்டிக் கொடுத்தார். "கோடு போட்ட மாதிரி இருக்கு."

டார்கஸ் கொப்புளக் கையை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். பின்னால் இரும்பு கிறீச்சிட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு வார்டு முழுவதும்.

கதவருகே திரும்பினாள்.

மூடுபனிக்குள் இருபத்திரண்டு கட்டில்கள். எண்பத்தெட்டுச் சக்கரங்களும் அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தன. பதினொன்றில், அவள் இழுத்துச் செருகிய வெள்ளைப் போர்வையின் அடியில், நான்கு பாதங்கள் வரிசையாக நிமிர்ந்து நின்றன.