கிரீஸ் படாத தோட்டா

“என் தம்பி பொய் சொல்றானா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும்” என்றாள் அவள்.

நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைப்பதும் உடனே நிமிர்த்திப் பார்ப்பதுமாக இருந்தாள். மருத்துவமனையிலிருந்து எந்த நேரமும் அழைப்பு வரலாம்.

எதிரே இருந்தவர் துப்பாக்கி உரிமத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளை அங்கே அழைத்து வந்தது அவருடைய மாப்பிள்ளை. தம்பிக்காக வாதாடப் போகும் வக்கீலும் அவர்தான்.

“நான் சுருக்கமா சொல்லிடறேன் மாமா” என்று வக்கீல் முந்திக்கொண்டார்.

“நீங்க சுருக்கமா சொன்னா விடிஞ்சிடும் மாப்ளே. அவங்களே சொல்லட்டும்.”

அவள் சொன்னாள். அவளுடைய கணவர் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் ஆயுதங்களைப் பராமரிப்பவர். தம்பி அங்கே பயிற்சி எடுக்கும் போட்டியாளன். முந்தாநாள் காலை தம்பி மேஜையை விட்டு எழுந்தபோது சட்டைக் கை மாட்டி, தோட்டா ஏற்றிய ரைஃபிள் தரையில் விழுந்து வெடித்தது. பக்கத்தில் நின்ற கணவரின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இன்னும் நினைவு திரும்பவில்லை.

“போலீஸ்ல அதே துப்பாக்கியைத் திரும்பத் திரும்பக் கீழே போட்டுப் பார்த்தாங்களாம். வெடிக்கவே இல்ல. அப்போ தம்பிதான் விசையை இழுத்திருக்கான்னு சொல்றாங்க. போதாததுக்குக் காலித் தோட்டா தரையில கிடந்துச்சாம். போல்ட்டைப் பின்னால இழுத்தாத்தான் அது வெளியே வந்து விழுமாம். இன்னொரு தடவை சுடறதுக்காகவே போல்ட்டை இழுத்திருக்கான்னு எழுதிட்டாங்க. அவன் கீழே விழுந்ததைத் தொடவே இல்லைங்கறான்.”

“ரெண்டு பேருக்கும் முன்விரோதம் ஏதாவது?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “முதல் நாள் சாயங்காலம் பெரிய சண்டை. இனி உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு கத்தினான். தெருவே கேட்டுச்சு. எங்க மாமியார் அதை அப்படியே போலீஸ்ல சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரியில என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேங்கறாங்க. நாளைக்குக் கோர்ட்டு.”

“எதுக்குச் சண்டை?”

“புதுச் சட்டம் வந்ததுலேர்ந்து அவனுக்குக் குறி தப்பிக்கிட்டே இருக்கு. எல்லாத்தையும் விட்டுடறேன்னான். இவரு விடக் கூடாதுன்னாரு.”

“சட்டத்துக்கும் குறிக்கும் என்ன சம்பந்தம் மாமா?” என்றார் வக்கீல்.

ஆய்வாளர் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, மூடியை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினார். “இதுதான் போல்ட்டுன்னு வெச்சுக்குங்க. கையால இழுத்துத் தள்ளற இரும்புத் தண்டு. தோட்டாவைக் குத்தற ஊசி இதுக்குள்ளதான் இருக்கு. பழைய ரைஃபிள் ஓங்கி விழுந்தா ஊசி நழுவித் தானாகவே குத்திடும். அப்படி நிறைய பேர் செத்த பிறகு, ஊசிக்குத் தடுப்பு வெச்சுப் புதுப் போல்ட் வந்துச்சு. விசையை இழுத்தாத்தான் தடுப்பு விலகும். இப்போ புது ரைஃபிள் எல்லாம் அப்படித்தான் வரணும்னு சட்டம். பழசை வெச்சிருக்கறவங்க போல்ட்டை மட்டும் மாத்திக்கணும், கழட்டினதை அழிச்சிடணும். ஆனா தடுப்பு வந்ததும் விசை கனமாயிடும். பழகின கைக்கு அது எமன்.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். “கிளப்புல மாத்தினது யாரு?”

“இவருதான். எல்லாம் மாத்தியாச்சுன்னு கையெழுத்துப் போட்டவரும் இவருதான்.”

வக்கீல் போலீஸ் தரப்புப் புகைப்படங்களைப் பரப்பினார். ஆய்வாளர் இரண்டை மட்டும் ஒதுக்கினார். ஒன்றில் போல்ட்டின் முன்முகம், மஞ்சளாகப் பளபளத்தது. மற்றொன்றில் காலித் தோட்டாவின் அடிப்பக்கம், நடுவே ஊசி குத்திய பள்ளத்துடன்.

“போல்ட்டுல இருக்கறது என்னம்மா?”

“கிரீஸ். போல்ட்டைக் கழட்டி எடுத்து வெக்கறதுக்கு முன்னாடி, துருப் பிடிக்காம இருக்கப் பூசுவாரு. திரும்ப மாட்டறப்போ துடைச்சிடுவாரு. அதுக்குன்னே என் பழைய சேலையைக் கிழிச்சு வெச்சிருக்காரு.”

“தம்பி அன்னைக்கு வேற ஏதாவது சொன்னானா? துப்பாக்கியைப் பத்தி.”

“விசை பஞ்சு மாதிரி இருந்துச்சாம். சண்டை போட்டும் கை இவ்வளவு நல்லா வருதேன்னு நெனச்சானாம்.”

“அடிபட்டவரைத் தூக்கிட்டுப் போனது யாரு?”

“தம்பியும் வாட்ச்மேனும். தம்பிக்குப் பயிற்சி குடுக்கற கோச் மட்டும் போலீஸ் வர்ற வரைக்கும் ஹால்லயே இருந்தாரு.”

“கோச் உங்க வீட்டுக்காரருக்கு வேண்டியவரா?”

“ஒண்ணா வளர்ந்தவங்க. நான் அவரை அண்ணன்னுதான் கூப்பிடுவேன்.”

ஆய்வாளர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். கூடப்பிறந்தவனைப் போன்ற ஒருவன் ரத்த வெள்ளத்தில் கிடக்கும்போது வண்டியில் ஏறாமல் துப்பாக்கியோடு நின்றது ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள் நுழைந்துவிட்டது. மூவரும் கிளப்புக்குப் போனார்கள்.

கோச் சவரம் செய்யாத முகத்துடன் ஹாலைத் திறந்துவிட்டார். நீளமான மேஜைகள், ரப்பர் விரிப்பு, கோடியில் மணல் சுவர். ஓரிடத்தில் விரிப்பை வெட்டி எடுத்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

“அதே மாதிரி பழைய ரைஃபிள் இன்னொண்ணு இருக்குமே, எடுங்க” என்றார் ஆய்வாளர்.

கோச் அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். ஆய்வாளர் உள்ளே தோட்டா இல்லையென்று இரண்டு முறை பார்த்தார். போல்ட்டை இழுத்துத் தள்ளி, ரைஃபிளை மேஜை விளிம்பிலிருந்து தள்ளிவிட்டார். தொப்பென்று விழுந்தது. அவ்வளவுதான்.

“போலீஸும் இதைத்தான் பார்த்தாங்க” என்றார் கோச், யாரையும் பார்க்காமல்.

“பார்த்தாங்க. ஆனா அவங்க கைக்கு வந்த போல்ட்டோட முகத்துல கிரீஸ் அப்பியிருக்கு. சுடறப்போ போல்ட்டோட முகமும் தோட்டாவோட அடியும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். அந்தப் போல்ட்தான் சுட்டிருந்தா தோட்டாவுலயும் கிரீஸ் ஒட்டியிருக்கணும். தோட்டா அடி வறண்டு கிடக்கு. அப்போ சுட்டது வேற போல்ட்.”

வக்கீல் துள்ளினார். “அதான் காலித் தோட்டா வெளியே வந்து விழுந்துச்சு. யாரோ போல்ட்டை உருவியிருக்காங்க.”

“மெதுவா மாப்ளே, கூரை இடிஞ்சிடப் போகுது.” ஆய்வாளரின் குரல் உயரவில்லை. “தம்பி சொன்ன பஞ்சு மாதிரி விசை பழைய போல்ட்டோடது. அதை உருவிட்டுப் புதுசை மாட்டியிருக்காங்க. அவசரத்துல துடைக்கக்கூட நேரமில்ல. அந்த நேரத்துல இந்த ஹால்ல தனியா இருந்தவர் ஒருத்தர்தான்.”

கோச்சின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

“அண்ணே, நீங்களா?” என்றாள் அவள். “என் தம்பியை மாட்டிவிடறதுக்கா?”

“இல்லம்மா. உன் வீட்டுக்காரனைக் காப்பாத்தறதுக்கு.”

கோச் வெளியே போய்த் தன் ஸ்கூட்டரிலிருந்து துணிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே கறுத்த போல்ட் ஒன்று இருந்தது.

“பழைய போல்ட்டுல ஒண்ணே ஒண்ணை மட்டும் அழிக்காம வெச்சிருந்தான். அன்னைக்குக் காலையில என்கிட்ட சொன்னான். பையன் மனசு விட்டுட்டான், இன்னைக்கு மட்டும் பழசைப் போட்டுக் குடுக்கறேன், நாலு குறி சரியா விழுந்தா போதும், தன் கைமேல நம்பிக்கை வந்துடும், அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதேன்னான். நான் தடுத்திருக்கணும். போலீஸ் வந்து பழைய போல்ட்டைப் பார்த்தா உன் வீட்டுக்காரன் கதை முடிஞ்சிடும்னு பயந்துட்டேன். பையனை விபத்துன்னு விட்டுடுவாங்கன்னு நெனச்சேம்மா. கொலை முயற்சின்னு போடுவாங்கன்னு சத்தியமா நெனைக்கல.”

ஆய்வாளர் பழைய போல்ட்டை மாட்டினார். மறுபடியும் ரைஃபிளை விளிம்பிலிருந்து தள்ளினார். தொப்பென்ற சத்தத்தோடு, அதற்குள்ளிருந்து மெல்லிய ‘டிக்’ ஒன்று கேட்டது. ஊசி வெறுமையைக் குத்திய சத்தம்.

தம்பி பொய் சொல்லவில்லை. இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

“இது வெளியே வந்தா அவருக்கு என்ன ஆகும்?”

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். “பொய்க் கையெழுத்து. தடை செஞ்ச போல்ட்டை வெச்சிருந்தது. அதனால ஒரு ஆளுக்குக் காயம், அது அவரே ஆனாலும். பொழைச்சு வந்தா ஜெயிலுக்குப் போகணும்மா. உங்ககிட்ட மறைக்க மாட்டேன்.”

“தங்கச்சி, கொஞ்சம் யோசி” என்றார் கோச். “பையனுக்கு ஜாமீன் வாங்கிடலாம். வழக்கு இழுத்துக்கிட்டே போகும், நாளடைவுல ஏதாவது வழி…”

கைப்பேசி அதிர்ந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். அவள் எடுத்துக் கேட்டாள். மாற்றம் ஏதுமில்லை, மருந்து வாங்கித் தர வேண்டுமாம். சரியென்று சொல்லி வைத்தாள்.

போல்ட்டைத் துணியோடு எடுத்து வக்கீலின் கையில் வைத்தாள்.

“நாளைக்குக் கோர்ட்ல இதைக் குடுங்க. அண்ணன் வந்து நடந்ததைச் சொல்லுவாரு.”

கோச் சரியென்று தலையசைத்தார்.

“உங்க வீட்டுக்காரரு என்ன சொல்லுவாரோ?” என்றார் வக்கீல் தயங்கி.

“கண்ணு முழிச்சதும் அவரு மொதல்ல தம்பி எங்கன்னுதான் கேப்பாரு” என்றாள் அவள். “உங்களைக் காப்பாத்தறதுக்காக அவனை உள்ளே போட்டுட்டோம்னா சொல்லச் சொல்றீங்க?”

மருந்துக் கடை மூடுவதற்குள் போக வேண்டும். அவள் வாசலை நோக்கி நடந்தாள்.